ஐயா விரலுக்கு மட்டும்

பயிற்சித் திடலில் முப்பது துப்பாக்கிகள் ஒன்றாக வெடித்தபோதும், ஏட்டம்மாவின் காதில் தங்கியது வெடிக்காத ஒன்றின் சத்தம்தான். பக்கத்து வரிசையில் ஒரு 'டிக்'. அவ்வளவே. பயிற்சியாளர் அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார்: "இந்தச் சத்தத்துக்கு அடுத்த சத்தம் யார் வீட்டுலயாவது அழுகைச் சத்தமாத்தான் இருக்கும்."

இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. காவல்துறைத் தலைமை அலுவலகத்தின் ஆயுத அறை இப்போது அவள் பொறுப்பு. தினமும் காலையில் எல்லாத் துப்பாக்கிகளையும் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றின் விசையையும் இழுத்துக் காது கொடுத்துக் கேட்ட பிறகே டீ குடிப்பாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த துறைக்கு நவீன எண்ணம் வந்தது. முதலில் ஸ்மார்ட் குப்பைத்தொட்டி வந்தது. கை காட்டினால் மூடி திறக்கும் என்றார்கள். திறக்கவில்லை. குப்பை அதைச் சுற்றி மரியாதையாக உட்கார்ந்திருந்தது. அடுத்து வாசலில் ஸ்மார்ட் கதவு. முகம் பார்த்துத் திறக்குமாம். யார் முகமும் அதற்குப் பிடிக்கவில்லை; எல்லோரும் பின்வாசல் வழியாக வந்துபோனார்கள். இந்த வெற்றிகளால் ஊக்கம் பெற்ற துறை, நாற்பது ஸ்மார்ட் துப்பாக்கிகளை வாங்கியது. பிடியில் ஒரு கண்ணாடிச் சில்லு. உரியவரின் கட்டைவிரல் அதில் பட்டால்தான் சுடும். திருடன் பிடுங்கினாலும் பயனில்லை. நல்ல யோசனைதான். அலுவலகத்துக்குள் நுழையும்வரை எல்லா யோசனையும் நல்ல யோசனைதான்.

துறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும் பெரிய ஐயாவின் கை படாமல் பணிக்கு வராது. புது ஜீப்பில் முதலில் அவர்தான் உட்காருவார். புது பெஞ்சிலும் அவர்தான். ஆகவே துவக்க விழாவில் நாற்பது துப்பாக்கிகளிலும் அவரே கட்டைவிரல் பதித்தார். இருபதாவதில் விரல் வலிக்கவே பழச்சாறு கொடுத்தார்கள். பிறகு அவரே நாற்பதையும் சுட்டுப் பார்த்தார். நாற்பதும் சுட்டன. 'நம்பகத்தன்மை நூறு சதவீதம்' என்று அறிக்கை போயிற்று. மறுநாள் செய்தித்தாளில் ஐயாவின் விரல் பெரிதாக வந்தது: 'வேறு யார் தொட்டாலும் சுடாது!' அன்று மாலையே பழைய துப்பாக்கிகளை உருக்குவதற்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

ஏட்டம்மா புதியதில் ஒன்றை எடுத்து விசையை இழுத்தாள். 'டிக்' கூட வரவில்லை. தேன் குழைத்த ஒரு பெண்குரல் வந்தது: "மன்னிக்கவும். நீங்கள் உரியவர் அல்லர்."

விற்ற கம்பெனியின் இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

"விரலை மாத்த முடியாதாப்பா?"

"தாராளமா மாத்தலாம்மா. ஏற்கனவே பதிஞ்ச விரல் வந்து அனுமதி குடுக்கணும்."

"அவர் வெளிநாட்டுல இருக்காரே. அடுத்த மாசம்தான் வருவாராம்."

"எதுக்கும்மா போயிருக்கார்?"

"ஸ்மார்ட் துப்பாக்கியைப் பத்திப் பேச."

வெள்ளிக்கிழமை ஒரு கத்திக்காரனைப் பிடிக்க ஆள் அனுப்ப உத்தரவு வந்தது. அனுப்பத் தேர்ந்தெடுத்த ஆள் ஏட்டம்மாவின் கூடப்பிறந்த தம்பி, அதே துறையில் காவலர். அவன் ஆயுத அறை ஜன்னலில் வந்து நின்றான்.

"அக்கா, இது சுடுமா?"

"ஐயா கை வச்சா சுடும்டா."

"அப்போ அவரையும் தோள்ல தூக்கிட்டுப் போகட்டுமா?"

"வாயை மூடு. இரு, வரேன்."

ஏட்டம்மா ஒரு தாளில் 'இந்தத் துப்பாக்கி இவர் கையில் சுடாது' என்று எழுதிக் கண்காணிப்பாளரிடம் நீட்டினாள். அவர் வாசித்துவிட்டு முகம் சுளித்தார்.

"'சுடாது'ன்னா எழுதுவாங்க? 'பயனர் ஏற்பு நிலுவையில் உள்ளது'ன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா சுடுமா சார்?"

"எழுத்து சுத்தமா இருக்கும். இங்க பாருங்கம்மா, 'நல்ல நிலையில் வழங்கப்பட்டது'ன்னு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் வெளியே போகும். போடலைன்னா உங்க தம்பி வெறுங்கையோட போவான். துப்பாக்கி கையில இருந்தா அந்தக் கத்திக்காரனாவது பயப்படுவான்ல? சுடாதுன்னு அவனுக்கென்ன தெரியவா போகுது?"

ஏட்டம்மா யோசித்துப் பார்த்தாள். வெறுங்கைக்கு இது மேல் என்றுதான் பட்டது. கையெழுத்துப் போட்டாள்.

கத்திக்காரன் ஒரு மாடிப்படியின் வளைவில் நின்றிருந்தான். தம்பி துப்பாக்கியை நீட்டி, "கத்தியைக் கீழ போடு!" என்றான்.

கத்திக்காரன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அண்ணே, இது பேப்பர்ல வந்த துப்பாக்கிதானே? உங்க ஐயா விரலுக்குத்தானே சுடும்?"

தம்பி விசையை இழுத்தான். "மன்னிக்கவும்," என்று ஆரம்பித்தது துப்பாக்கி. அது வாக்கியத்தை முடிக்கும்வரை கத்திக்காரன் காத்திருக்கவில்லை.

விசாரணைக் குழு மூன்று வாரம் உட்கார்ந்தது. 'அனுமதியற்ற நபர் ஒருவர் இயக்க முற்பட்டபோது, மேற்படி துப்பாக்கி தன் கடமையைச் செவ்வனே ஆற்றியுள்ளது. நம்பகத்தன்மை மீண்டும் நிரூபணமாகிறது' என்று எழுதியது. மேலும் இருநூறு வாங்கப் பரிந்துரைத்தது. 'உயரதிகாரியின் துப்பாக்கியை முன் அனுமதியின்றி இயக்கியது ஏன்?' என்று விளக்கம் கேட்டுத் தம்பிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒரு மெமோ போயிற்று. ஏட்டம்மா மேல் குற்றமில்லை. அவள் கையெழுத்து முறைப்படி இருந்தது. ஆவணப் பராமரிப்புக்காக அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். எண்ணெய் டப்பாவை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்; புதிய துப்பாக்கிகளுக்கு அது தேவையில்லையாம்.

தம்பியின் வலது கட்டைவிரல் இனி மடங்காது. இப்போது அவனுக்குத் தலைமை அலுவலக வாசலில் வேலை. ஸ்மார்ட் கதவைக் கையால் இழுத்துத் திறந்துவிடுகிறான். காலையில் அக்காவுக்கும் அவன்தான் திறந்துவிடுகிறான்.