தோள் கொடுத்தவர்

விளையாட்டு உலகம் எத்தனையோ பயிற்சியாளர்களைக் கண்டிருக்கிறது. ஆனால் சங்கத் தலைவரின் முகத்தைப் பார்த்தே ஆட்ட உத்தியை வகுக்கும் மேதை ஒருவர்தான் பிறந்தார். ஹேண்ட்பால் பயிற்சியாளரான அவர், 'ஆகட்டும் சார்' என்ற ஒரே உத்தியால் பல தலைவர்களைத் தாண்டி வந்தவர்.

இப்போதைய தலைவர் குளியலறை டைல்ஸ் வியாபாரி. ஆட்டத்தை வாலிபால் என்று நினைத்துக்கொண்டு, மைதானத்துக்கு நடுவில் ஏன் வலை கட்டவில்லை என்று வந்த அன்றே விசாரித்தார். பயிற்சியாளர் அவரைத் திருத்தவில்லை. வலையைக் கோலுக்குப் பின்னால் தள்ளிக் கட்டுவது 'நவீன முறை' என்று விளக்கினார். தலைவர் மகிழ்ந்தார், ஒப்பந்தம் நீண்டது.

அணியின் தூண் அவருடைய அக்கா மகள். வீட்டில் அவர் மாமா, மைதானத்தில் சார். அவள் எகிறி எறிந்தால், எதிரணி கோல்கீப்பர்கள் பந்தைப் பிடிப்பதைவிட உயிரைப் பிடித்துக்கொள்வதையே விரும்புவார்கள். இறுதிப் போட்டி நெருங்கும்போது அவளுடைய வலது தோள்மூட்டு விலகியது. இன்னொரு தடவை விலகினால் நரம்பு போய்விடும், கை விளங்காது என்று மருத்துவர் சொன்னதை அவர் பக்கத்தில் நின்று கேட்டார்.

தலைவரிடம் போய்ச் சொல்லவும் செய்தார். அந்த வீரத்தை வரலாறு மறக்கக் கூடாது. அமைச்சர் வருகிறார், பேனரில் அவள் படம்தான் இருக்கிறது என்றார் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தி, தேசிய அணிக்குப் பயிற்சியாளர் தேடுகிறார்கள் என்பதையும் சொல்லிவைத்தார்.

"ஆகட்டும் சார்."

உடை மாற்றும் அறையில் அவள் ஒற்றைக் கையால் ஷூ லேஸோடு போராடிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து கட்டிவிட்டார்.

"மாமா, நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா உக்காந்துக்கறேன்."

அவர் முடிச்சை இறுக்கினார். "வலியெல்லாம் மனசுலதான்மா இருக்கு."

விளையாட்டு உளவியலில் இதற்கு 'ஊக்குவிப்பு' என்று பெயர்.

ஜெயித்தார்கள். கடைசி கோலும் அவளுடையதுதான். பந்து வலைக்குள் போனது. எறிந்த கை துணி மாதிரி தொங்கியது. அதன் பிறகு அது அசையவே இல்லை. இப்போதெல்லாம் அவளுக்குத் தலைவாரிவிடுவது அவருடைய அக்காதான். தம்பி வந்தால் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

தேசியப் பதவி வந்தது. பாராட்டு விழா மேடையில் அவர் படம் போட்ட பேனர். கீழே 'அணிக்குத் தோள் கொடுத்தவர்' என்று பெரிய எழுத்து. 'வீரரின் உடலே தேசத்தின் சொத்து' என்ற தலைப்பில் அவர் உருக்கமாக உரையாற்றி முடித்ததும், அரங்கமே எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் அக்கா மகளும் எழுந்து நின்றாள். கைதட்டவில்லை.

தலைவர் அவர் காதருகே சாய்ந்தார். "என்ன சார், உங்க அக்கா பொண்ணு கைதட்ட மாட்டேங்குது?"

பயிற்சியாளர் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே, புன்னகை மாறாமல் பதில் சொன்னார்.

"திமிரு சார். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."