வாயாடி போடாத பதில்

கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை பழக்கத்தில் போகிறது. எல்லோரும் என்று சொல்ல இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பதால், நான் நலம் என்று திருத்தி வாசித்துக்கொள். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க, விளக்கேற்றும்போதெல்லாம் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கற்றவள், ஒரு வரியைத் தொடங்கினால் எங்கே நிறுத்துவதென்று தெரியாது, பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய பழங்கடித வியாபாரி வந்து போனார். நல்ல மனிதர். வாசலிலேயே இரண்டு கைக்கும் வெள்ளையாக உறை மாட்டிக்கொண்டார். நான் பயந்துபோய், "கையில புண்ணாப்பா?" என்று களிம்பைத் தேடி எடுத்துவந்து நின்றேன். "இல்லம்மா, கடுதாசியில அழுக்குப் படக் கூடாது," என்றார். தேநீரையும் உறையைக் கழற்றாமலே குடித்தார். பிறகு, இந்தக் கடிதங்கள் எப்படி வந்தன என்று கேட்டார். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து கேட்டு எவ்வளவு நாளாயிற்று, ஆரம்பத்திலிருந்தே சொன்னேன். உன் அத்தான் மடியில் அந்த மரப்பொம்மையை வைத்துக்கொண்டு, தன் உதடு அசையாமல் அதைப் பேசவைத்துப் பிழைத்ததையும், அதற்கு வாயாடி என்று பெயர் வைத்ததையும், ஒரு விழா மேடையில் முன்வரிசையில் அமைச்சர் உட்கார்ந்திருக்க, வாயாடி கழுத்தைத் திருப்பி, "ஐயா, என் வாயை இந்தாளு அசைக்கிறாரு. உங்க வாயை யாரு அசைக்கிறது?" என்று கேட்டுத் தொலைத்ததையும் சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்த மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நானா கேட்டேன்? அவன்தான் கேட்டான்," என்று பொம்மையைக் காட்டி என்னிடமே சொல்கிறார். நான் சாமி முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. வாசலில் போலீஸ் வரும் என்று பார்த்தால் தபால்காரர் வந்தார். அமைச்சர் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்ட கடிதம். உறை மேல் 'திரு. வாயாடி அவர்கள்'. உள்ளே ஒரே வரி: 'என் வாயை யார் அசைக்கிறார்கள் என்று எனக்கும் தெரியவில்லை, தெரிந்தால் எழுதவும்.'

அப்புறம் எழுதாமல் இருக்க முடியுமா? உன் அத்தான் பொம்மையை மடியில் வைத்து அதன் குரலில் சொல்லுவார், அவர் எழுத்து யாருக்கும் புரியாது என்பதால் நான் எழுதுவேன், கடைசியில் வாயாடியின் மரவிரலுக்குள் பேனாவைச் செருகி, மணிக்கட்டைப் பிடித்து, வாயாடியையே கையெழுத்துப் போடவைப்பார். அமைச்சர் பதவியில் இருந்தபோதும் எழுதினார், தோற்றபோதும் எழுதினார், கட்சியே அவரை மறந்த பிறகுதான் பக்கம் பக்கமாக எழுதினார். உன் அத்தானுக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. 'உன்னைத் தூக்கிச் சுமக்கிறவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று ஓரத்தில் இருக்கும், அவ்வளவுதான். அதிலே இவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, வெளியே காட்டமாட்டார்.

இதையெல்லாம் கேட்டு உருகிய வியாபாரி, கடிதங்களைப் பிரித்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். உனக்குத்தான் தெரியுமே, எந்தத் தாள் வீட்டுக்குள் வந்தாலும் காரியம் முடிந்ததும் சிவப்புப் பென்சிலால் எழுதிவைப்பது என் வழக்கம். பால்காரர் சீட்டிலும் அப்படித்தான், அமைச்சர் கடிதத்திலும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே 'பதில் போட்டாச்சு' என்று கொட்டையாக எழுதியிருந்தேன்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? பாதி மதிப்பு போச்சே."

"பதில் போட்டேனா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி, அடியில் இருந்த கடைசிக் கடிதத்தை எடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா. இது ஒண்ணுதாம்மா சுத்தமா இருக்கு. இதுக்கே தனி விலை."

"அது சுத்தம் இல்லப்பா. அது பாக்கி," என்றேன்.

உன் அத்தான் போன மறுவாரம் வந்தது அது. 'வாயாடி, என்ன கோபம் என் மேல்? வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்கிறார்கள். இப்போது என் வாயை யாரும் அசைப்பதில்லை' என்று நடுங்குகிற எழுத்தில் இருக்கிறது. படித்தேன், மடித்தேன், அடியில் வைத்தேன். சொல்ல ஆளில்லாமல் நான் என்னத்தை எழுதுவது?

வியாபாரி இன்னொன்றும் சொன்னார். இங்கே வந்தவையும் இங்கிருந்து போனவையும் சேர்ந்தால்தான் விலை என்று, பழைய அமைச்சரான அந்தப் பெரியவர் வீட்டுக்கும் போயிருக்கிறார். வாயாடி எழுதியதையெல்லாம் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாராம், தரமாட்டேன் என்றாராம். "வாயாடிகிட்டேருந்து ஒரு பதில் வரணும். வந்ததும் பாத்துக்கலாம்." இவர் மெதுவாக, "ஐயா, பொம்மைக்காரர் தவறிட்டாருங்க," என்றிருக்கிறார். அதற்குப் பெரியவர், "தெரியும்யா, பேப்பர்ல பாத்தேன். வாயாடிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாராம். வியாபாரி இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன், வந்தவர் மனம் கோணக் கூடாதே.

ஆகவே தம்பி, நீ சொன்னபடியே செய்துவிடுவோம். வெள்ளிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு வா. கடிதங்களைக் கட்டிவைத்துவிட்டேன். பொம்மையையும் அவரே எடுத்துக்கொள்கிறாராம். நல்லதாகப் போயிற்று, உன் வீட்டுக்காரிக்கும் அதைக் கண்டால் பயம், போன முறை அதன் முகத்தில் துண்டைப் போட்டு மூடிய பிறகுதான் தூங்கினாள். நான் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு உங்களோடு வந்து இருந்துவிடுகிறேன். எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மரம்தானே, தாள்தானே. அவரையே அனுப்பிவைத்தவளுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?

உன் வீட்டுக்காரியை விசாரித்தேன் என்று சொல். பெரியவனுக்கு முட்டிவலி தேவலையா? சின்னவளை ஈரத்தலையோடு வெளியே விடாதே. ஆண்டவன் உங்கள் எல்லோரையும் குறையில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மனசு மாறிவிட்டது, வெள்ளிக்கிழமை வர வேண்டாம். வியாபாரியிடம் கொடுக்கும் முன் சட்டையையாவது துவைத்துப் போடலாமென்று வாயாடியை மடியில் வைத்தேன், வாய் தானாகத் திறந்து தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. பொய் எழுதினால் பாவம் என்று எனக்குத் தெரியும், அதனால் பெரியவருக்கு உண்மையைத்தான் எழுதினேன்: 'ஐயா, கோபமில்லை. என் வாயையும் இப்போது யாரும் அசைப்பதில்லை. நமக்குள் எழுதிக்கொள்வோம். என்னைத் தூக்கிச் சுமந்தவர் உங்களை விசாரித்துக்கொண்டேதான் போனார்.' மரவிரலில் பேனாவைச் செருகி மணிக்கட்டைப் பிடித்தேன். கையெழுத்து ஒரு கோடும் மாறவில்லை தம்பி, பிடித்த கை எதுவென்று அதற்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பெரியவர் கடிதத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டேன், ஆகையால் அதற்கும் இனி விலை கிடையாது என்று வியாபாரியிடம் சொல்லிவிடு. வீட்டையும் காலி செய்வதற்கில்லை. பதில் இந்த விலாசத்துக்குத்தான் வரும்.