அருமைநாயகத்தின் நாம்பனுக்கு இரத்தம் எடுத்த கதை

நமக்கு நடுவே பார்வை வைத்தியர் என்றோர் இனம் வாழ்கிறது. இவர்களிடம் பட்டமும் இல்லை, மருந்துப் பெட்டியும் இல்லை. மாடொன்று வேலியோரம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றால் போதும். சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, வெற்றிலையை இந்தக் கொடுப்பிலிருந்து அந்தக் கொடுப்புக்கு மாற்றி, மாட்டின் பின்பக்கத்தைப் பார்த்து, மாட்டுக்காரியின் முகத்தைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டுமென்று வானத்தையும் ஒருதரம் பார்த்து, "இது அதுதான்" என்பார்கள். எது? கேட்காதீர்கள். கேட்டால் இறங்கி வந்துவிடுவார்கள்.

கிரான் ஊரில் இந்த இனத்தின் முதல்தர மாதிரி வேளாண்மைக்கார அருமைநாயகம். நல்ல மனிதர். கூப்பிடாமலே உதவிக்கு வருவார். சிக்கலே அதுதான்.

அவருக்கு அடுத்த வளவில் கேதீஸ்வரி. ஒரு ஜேர்சிக் கலப்புப் பசுவின் பாலில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. அந்தப் பசு ஒருநாள் வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடம்பு கொதித்தது. அருமைநாயகம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வயித்துச் சூடு புள்ள. பாத்த உடன தெரியுது."

இஞ்சி, உள்ளி, பெருங்காயம் இடித்துக் கரைத்த ஒரு கறுத்த திரவத்தை மூங்கில் குழாயால் பசுவின் தொண்டைக்குள் அவரே ஊற்றினார். மறுநாள் காலை பசு பால் கலக்காத பிளேன்டீ நிறத்தில் சிறுநீர் கழித்தது. அருமைநாயகத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"பாத்தியா, சூடு வெளியேறுது!"

கேதீஸ்வரி பசுவின் கண்மடலை விரித்துப் பார்த்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் கடதாசிபோல வெளுத்திருந்தது. அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. மாட்டு டொக்டருக்கு போன் அடித்தாள்.

டொக்டர் நுஸ்ரா ஏறாவூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், பசுவின் காதுக்குள்ளும் மடியிடுக்கிலும் தேடி உண்ணிகளைக் கண்டார்.

"உண்ணிக் காய்ச்சல் போலதான் இருக்கு அக்கா. இரத்தத்தப் பாத்திட்டுத்தான் சரியாச் சொல்லுவன்."

"போலயாம்!" என்று சிரித்தார் அருமைநாயகம். "நோய்ப்பட்ட மாட்டுட இரத்தத்தில நோய் இருக்கும்தானே! இதில என்ன கண்டுபிடிப்பு? என்ட நாம்பன்ட இரத்தத்தையும் எடுங்க பாப்பம். ஊசி மருந்தே காணாத உடம்பு. அதிலயும் கிருமி எண்டுதான் சொல்லுவீங்க!"

"கொண்டு வாங்க ஐயா," என்றார் நுஸ்ரா. அவர் நாம்பனை அவிழ்க்கப் போன இடைவெளியில் பசுவின் இரத்தத்தை எடுத்து முடித்தார்.

அந்த நாம்பனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மினுமினுக்கும் கறுப்பு, தூண்போல் கழுத்து, திமிறினால் ஆறு பேரை வாய்க்காலுக்குள் இழுத்துப்போடும் நாட்டுக் காளை. ஊரே திரண்டது. நாலு பேர் கயிற்றைப் பிடித்தார்கள், இரண்டு பேர் வாலைப் பிடித்தார்கள், மிச்சப் பேர் மூச்சைப் பிடித்தார்கள். நுஸ்ரா காதோரத்தில் ஊசியால் மெல்லக் குத்தி, எழும்பிய துளியைக் கண்ணாடித் துண்டில் தொட்டு மெல்லிசாக இழுத்தார். நாம்பன் அசைபோட்டுக்கொண்டே நின்றது.

தொப்பென்று ஒரு சத்தம். விழுந்தது அருமைநாயகம்.

இரத்தத் துளியைப் பார்த்ததுதான் தாமதம், மனிதர் வைக்கோல் குவியலுக்குள் மல்லாந்துவிட்டார். உடனே என்ன நடந்ததென்கிறீர்கள்? கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பார்வை வைத்தியர் ஆனார்கள்! "வாயு," என்றார் அவரது மச்சான் வல்லிபுரம். "கண்ணூறு," என்றாள் அருமைநாயகத்தின் மனைவி புஸ்பம். வெயில் என்றது ஒரு குரல், விரதம் என்றது இன்னொன்று. செருப்பை மணக்கக் கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. கேதீஸ்வரி மட்டும் பேசாமல் உள்ளே போய், நேற்றைய கறுத்த திரவத்தின் மிச்சத்தையும் மூங்கில் குழாயையும் எடுத்து வந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் அருமைநாயகம் துள்ளி எழுந்தார்.

"ஐயோ, அது மாட்டுக்குப் புள்ள!"

"சூட்டுக்கு நல்லமெண்டு நீங்கதானே அண்ணன் சொன்னீங்க?"

கயிற்றையும் வாலையும் பிடித்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கை நழுவ, நாம்பன் தன்பாட்டில் வீடு போய்ச் சேர்ந்தது.

பின்னேரம் நுஸ்ரா இரண்டு இரத்தத்தையும் பரிசோதித்துவிட்டுத் திரும்பி வந்தார். பசுவின் இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் கிருமி நிறைந்திருந்தது. அங்கேயே ஊசி போட்டார். "இன்னும் ரெண்டு நாள் இந்தக் கசாயத்தோட போயிருந்தா, என்னக் கூப்பிட்டும் பிரயோசனமில்ல அக்கா," என்றார். பிறகு அருமைநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"உங்கட நாம்பனிலயும் கொஞ்சம் இருக்கு ஐயா. நாட்டு மாடு தாங்கும், வெளியில ஒண்டும் தெரியாது. ஆனா அதக் கடிக்கிற உண்ணியும் அதுட குஞ்சுகளும் இந்தக் கிருமிய மற்ற மாட்டுக்கும் கொண்டு போகும். வேலி ஒண்டுதானே ரெண்டு பேருக்கும்?"

அருமைநாயகம் வேலியைப் பார்த்தார். கேதீஸ்வரியைப் பார்க்கவில்லை. வெற்றிலை மெல்லாமல் அவர் நின்ற முதல் பொழுது அது. இருட்டுவதற்குள் உண்ணி மருந்து வாங்கி வந்து, தன் பட்டிக்கும் கேதீஸ்வரியின் பட்டிக்கும் தானே தெளித்துவிட்டுப் போனார்.

சில நாளில் பசு கேதீஸ்வரியின் கையிலிருந்த புல்லைப் பறித்துத் தின்றது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

அருமைநாயகம் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அடுத்த வாரம் தேத்தண்ணிக் கடையில் அவர் குரல் வீதிவரை கேட்டது: "நல்ல மாட்டுட இரத்தத்தையும் எடுத்துப் பாக்கோணும் எண்டு அண்டைக்கு முதல்ல சொன்னது ஆர்? நான்!"

பொய் என்று சொல்ல முடியுமா? ஊரே சாட்சி.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. வாசிக்கத் தொடங்கிய உடனேயே உங்கள் ஊரில், நீங்கள் வேலை செய்யும் கந்தோரில், ஏன் உங்கள் வீட்டிலேயே ஒருவரை நினைத்து, "சந்தேகமே இல்லை, இவரேதான்" என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவ்வளவு விரைவாக எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒரு துளி இரத்தம்கூட எடுக்காமல்?