இடியன் துவக்கும் மச்சானின் வேட்டியும்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும், இதை இன்னும் கொஞ்சம் திருத்தலாமே என்று கை பரபரக்கும். எங்கள் வீட்டுத் தேநீர் முதல் பக்கத்து வீட்டு வேலி வரை என் திருத்தத்தில் அகப்பட்டு அவதிப்பட்டவை பல. (வேலி விழுந்தது காற்றினால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.)

இதற்கு என் தொழிலும் ஒரு காரணம். ஹீத்ரோவுக்கு அருகே, விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். எல்லாத் தட்டிலும் சோறு ஒரே நிறையா, எல்லாக் கரட் துண்டும் ஒரே தடிப்பா என்று பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க இதையே பார்ப்பவன் வீட்டுக்கு வந்து புட்டை நிறுத்துச் சாப்பிட்டால் அதிசயமில்லை.

விழுந்த வேலியின் சொந்தக்காரர் கிரஹாம். ஹவுன்ஸ்லோவில் எங்களுக்கு அடுத்த வீடு. மனைவியை இழந்து தனியாக இருப்பவர். வேலியைத் திரும்ப நிமிர்த்தும்போதுதான் எங்கள் சிநேகம் தொடங்கியது. அவரிடம் ஒரு பழைய பாணித் துப்பாக்கி இருந்தது. குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் ஈயக்குண்டை வைத்து, நீளத் தடியால் அடிவரை இடித்து இறக்கிச் சுடவேண்டும். வன்னியில் இடியன் துவக்கு என்பார்களே, அதன் வெள்ளைக்காரச் சகோதரன். கிரஹாமின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மனைவி வாங்கிக் கொடுத்தது அது.

சனிக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு சரே பக்கம் உள்ள சுடுகளம் ஒன்றுக்குப் போவார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். பிறகு நானும் அந்தச் சுடுகளத்தை நடத்தும் கிளப்பில் தற்காலிக உறுப்பினராகச் சேர்ந்தேன்.

என் மனைவி வசந்தி இதைக் கேட்டதும் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த மனிசன், இப்ப காசு குடுத்துத் துவக்குச் சுடப் போறாராம். ஆரிட்டச் சொல்லி அழுறது?"

"இது விளையாட்டு, வசந்தி."

"ஓம் ஓம். வேலியும் விளையாட்டுத்தானே."

அவள் பயந்திருந்தால் அதில் நியாயம் உண்டு. நான் சுட்டதில் அந்த இலக்கு அட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும்தான் ஆபத்து இருந்தது. ஒரு குண்டு மேலே போகும், அடுத்தது இடப்பக்கம், அதற்கடுத்தது பக்கத்துக்காரரின் அட்டையில். கிளப் செயலாளர் மிக மரியாதையாக வந்து, "உங்கள் குண்டுகள் நன்றாக ஊர் சுற்றுகின்றன" என்றார்.

கிரஹாம் சொன்னார்: "ஒவ்வொரு முறையும் அதே அளவு மருந்து, அதே துணி, அதே இறுக்கம். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் குழலைத் துடை, கரி படிந்தால் குண்டு தன் பாட்டுக்குப் போகும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! என்னிடம் போய் இதைச் சொன்னால்? அது தரக்கட்டுப்பாடு அல்லவா? என் வியாதி எழுந்து உட்கார்ந்துகொண்டது.

மருந்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, அதற்கு அனுமதி வேண்டும். துணிக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று நினைத்தேன். (அங்கேதான் பிழை நடந்தது.) வீட்டிலுள்ள துணிகளின் தடிப்பை எல்லாம் அளக்கத் தொடங்கினேன். தலையணை உறை மிகத் தடிப்பு. மகளின் பழைய பள்ளிச் சட்டையில் பாதி நைலோன், நெருப்புக்கு ஆகாது. கடைசியில் வெந்நீர்த் தாங்கி இருக்கும் அலுமாரியில் ஒரு வெள்ளை வேட்டி அகப்பட்டது. தொட்டதும் தெரிந்துவிட்டது. நெருக்கமான நெசவு, எங்கும் ஒரே தடிப்பு. என்னுடைய பழைய வேட்டி இத்தனை நல்லதா என்று எனக்கே பெருமையாக இருந்தது. மசாலாப் போத்தல் மூடியை வைத்து வட்டம் கீறி, அழகாக வெட்டி எடுத்தேன்.

கிரஹாம் துணிக்கு ஆட்டுக்கொழுப்புப் பூசுவார். வீட்டில் விரத நாட்கள் என்பதால் நான் தேன்மெழுகோடு நல்லெண்ணெய் கலந்து காய்ச்சினேன். வசந்தி குசினிக்குள் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் பாரிசிலிருந்து வசந்தியின் தம்பி ரமணன் வந்திருந்தான். ஆர்ச்வே முருகன் கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் வருவான். பாரிசில் எல்லாம் பெரிது, லண்டனில் எல்லாம் சிறிது என்பது அவன் கட்சி. அவனுக்கு எதையாவது காட்ட வேண்டும் என்ற ஆசையில், சனிக்கிழமை அவனையும் சுடுகளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் என்னை முழு உறுப்பினராக்குவதா என்று செயலாளர் பார்க்கும் நாளும்.

ரமணன் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு, பார்வையாளருக்குப் போட்டிருந்த எல்லைக் கோட்டுக்குப் பின்னால் நின்றான். அவனுக்குத் தன் குரலே கேட்காததால் சாதாரணப் பேச்சையே ஒலிபெருக்கி போலப் பேசினான். "அத்தான், இதென்ன வடை மணக்குது!"

மணந்தது என் நல்லெண்ணெய்தான். முதற் குண்டு வெடித்ததும் கருமருந்துப் புகையோடு சேர்ந்து, தீபாவளியும் அப்பளம் பொரிக்கும் நாளும் ஒன்றாக வந்தது போல ஒரு வாசனை. பக்கத்து மேடைக்காரர் தன் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

ஆனால் குண்டு? நடுவில்! துடைத்தேன், அளந்து கொட்டினேன், இடித்தேன், தடியை எடுத்தேன், சுட்டேன். இரண்டாவதும் அதன் பக்கத்தில். மூன்றாவது, நான்காவது. நான்கு ஓட்டைகளையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம். தொலைநோக்கியில் பார்த்த செயலாளர் இரண்டாம் தடவையும் கண்ணை வைத்துப் பார்த்தார். கிரஹாம் என் தோளைத் தட்டினார். "இதே மாதிரி இன்னும் ஒன்று. எதையும் மாற்றாதே."

ஐந்தாவது குண்டுக்கு மருந்து கொட்டினேன். துணி வைத்தேன். குண்டு வைத்தேன். தடியால் அடிவரை இடித்து இறக்கினேன். அந்த நேரம் பார்த்துத்தான் ரமணன் பின்மேசையில் இருந்த என் தகரப் பெட்டியைத் திறந்தான்.

"அத்தான்!"

சுடுகளம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவன் கையில் ஒரு வட்டத் துணித்துண்டு. அதன் ஓரத்தில் பச்சையும் தங்கமுமாகக் கரை.

"இது என்ர வேட்டிக் கரையல்லோ! திருவிழாவுக்கெண்டு அக்காவிட்டக் கழுவக் குடுத்த வேட்டியல்லோ!"

என் வேட்டிக்குக் கரை நீலம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனாலும் நான்கு ஓட்டைகளின் மயக்கம் விடவில்லை. முதலில் இதைச் சுட்டு முடிப்போம், வேட்டியைப் பிறகு பார்ப்போம் என்று நினைத்தேன். மருந்துக்குப் பொறி கொடுக்கும் சின்னச் செப்புத் தொப்பியைத் துப்பாக்கியில் மாட்டினேன். குறி பார்த்தேன். குழலுக்கு முன்னால் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது போல ஒரு மங்கல். குழல் நுனியிலுள்ள குறிமுள் இன்றைக்கு என்ன இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, விசையை இழுத்தேன்.

துப்பாக்கி என் தோளைக் கழுதை போல உதைத்தது. புகைக்குள்ளிருந்து இடிக்கும் தடி அம்பு மாதிரிப் புறப்பட்டு, வெயிலில் ஒருமுறை மின்னி, இலக்கு அட்டையைத் தாங்கிய மரச்சட்டத்தில் போய்க் குத்தி நின்று ஆடியது.

"நிறுத்துங்கள்! எல்லோரும் நிறுத்துங்கள்!" என்று மேற்பார்வையாளர் கத்தினார். பிறகு ஓர் அமைதி. ஆங்கிலேயர்கள் சிரிப்பை அடக்கும்போது வருமே, அந்த அமைதி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரஹாம் துப்பாக்கியை வாங்கி, குழலை மேலிருந்து கீழாக விரல்களால் தடவிப் பார்த்தார். உள்ளே விளக்குப் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் தடவினார். அவர் மனைவி மார்கரெட் கொடுத்த பொருள் அது. வீங்கியோ வெடித்தோ இருந்தால் அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

கடைசியில் நிமிர்ந்து, "ஒன்றும் ஆகவில்லை" என்றார். பெருமூச்சு விட்டு, தூரத்தில் ஆடிக்கொண்டிருந்த தடியைப் பார்த்தார். "மார்கரெட் இருந்திருந்தால் இன்று முழுக்கச் சிரித்திருப்பாள்." சொல்லிவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறந்தார்கள்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "துணியும் எண்ணெயும் மிகச் சிறப்பு" என்றார். "மனிதரைத்தான் இன்னும் திருத்த வேண்டும்." என் தற்காலிக உறுப்புரிமை இன்னும் தற்காலிகமாக நீட்டிக்கப்பட்டது.

வீட்டில் வசந்தி வேட்டியை விரித்துப் பிடித்தாள். ஒரு பக்கம் முழுக்க வட்ட வட்ட ஓட்டை. அவற்றினூடாக அவள் கண் ஒன்று என்னையே பார்த்தது. மறுநாள் காலை ஈஸ்ட் ஹாமுக்குப் போய் ரமணனுக்குப் புது வேட்டி எடுத்தோம். கடைக்காரர் காட்டிய துணியை நான் விரலால் உரசிப் பார்த்து, "இதைவிட நெருக்கமான நெசவு இருக்கோ?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். வசந்தி வேட்டியை என் கையிலிருந்து பறித்து, கடைக்காரரிடம் சொன்னாள்: "தம்பி, இவரிட்ட ஒண்டும் குடாதேங்கோ. இவர் உடுக்க வாங்கிற ஆள் இல்லை."

அதற்குப் பிறகு அந்தக் கிளப்பில் நான் சுடும்போதெல்லாம் கிரஹாம் பின்னால் வந்து நின்று, எங்கள் வீட்டில் கற்ற தமிழில், "தடி எடுத்தாச்சோ?" என்று கேட்பார். செயலாளரும் அதையே கேட்கப் பழகிக்கொண்டார். வீட்டில் அது வேறு விதமாகப் பரவியது. நான் கார்ச் சாவியைத் திருப்பினால் வசந்தி, "தடியை எடுத்திட்டியளோ?" என்பாள். அப்போதுதான் ஹாண்ட் பிரேக் ஞாபகம் வரும். பாரிசிலிருந்து ரமணன் போன் எடுத்தால் வணக்கத்துக்குப் பதில் அதுதான்.

சென்ற வருடம் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கனவான்கள். நான் மேடையேறி, கண்ணாடியைச் சரிசெய்து, இரண்டு வாரம் பாடமாக்கிய உரையை உருக்கமாகத் தொடங்கினேன். பிறந்த நாள் முதல் பட்டமளிப்பு வரை வந்துவிட்டேன். சபை அசையாமல் என்னையே பார்த்தது. உருகிப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்போது கடைசி மேசையிலிருந்து கிரஹாம் எழுந்து நின்று, வாயில் கைகளைக் குவித்துக் கூவினார்: "தடி எடுத்தாச்சோ?"

எங்கள் பக்கத்து மேசைகள் அத்தனையும் வெடித்துச் சிரித்தன. மாப்பிள்ளை வீட்டார் திகைத்தார்கள். ரமணன் உடனே எழுந்து மேசை மேசையாகப் போய்க் கதை சொல்லத் தொடங்கிவிட்டான். நான் கோபத்தோடு கையிலிருந்த மைக்கைப் பார்த்தேன்.

அதன் சுவிட்சை நான் ஓன் பண்ணவே இல்லை.