ராஜவேலுவின் நன்னடத்தை

ஐஸ் பெட்டியின்மீது ஏற்றி வைக்கப்பட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மோகன்குமார் சரியாக அமர்வதற்குள்ளாகவே, அவனுடைய தந்தை ராஜவேலு முதற்குற்றத்தைப் புரிந்துவிட்டார்.

அது ஐயத்திற்கு இடமில்லாத குற்றம். கரையில் உட்கார்ந்து வலை தைக்க வேண்டிய வயதில் பெரியவருக்கு இறால் பாடு ஒரு கேடா என்று பக்கத்து வீட்டுத் தீனா கேட்டான். ராஜவேலு எழுந்தார். தீனாவின் பிறப்பு, வளர்ப்பு, படகு, அப்படகின் எஞ்சின் ஆகிய தலைப்புகளில், ஏரியின் மறுகரையினரும் பயன்பெறும் வண்ணம் ஓர் உரை நிகழ்த்தினார். உரை முடிந்தபோது, ஆழமற்ற நீரில் ஒற்றைக் காலில் நின்றிருந்த நாரைகள் வேறிடம் தேடிப் பறந்தன.

சீட்டுக் குலுக்கலுக்குக் கூடியிருந்த குப்பத்தினர் அனைவரும் நாற்காலியை அண்ணாந்து பார்த்தனர்.

"நடத்தை விதி மீறல்," என்றான் மோகன்குமார். பெற்ற தந்தையைப் பெயர் சொல்லி அழைக்க நேர்ந்ததால் அவன் குரல் சற்றே தாழ்ந்தது. "எச்சரிக்கை. திரு. ராஜவேலு."

கைதட்டல் எழுந்தது. அதை அடக்கும் வலிமை அவனுக்கு இல்லை.

மோகன்குமார் தொழில்முறை டென்னிஸ் போட்டிகளில், உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புரைக்கும் நடுவர். உலகப் புகழ் பெற்ற வீரர்கள் அவனுடைய மைதானங்களுக்கு வருவதில்லை. புகழ் பெறத் தவறியவர்களே வருவார்கள். ஆகவே அங்கே கோபம் மிகுதி. அவனைக் குருடன் என்று பல மொழிகளில் அழைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு வீரன் தன் மட்டையை நாற்காலியின் காலிலேயே அடித்து நொறுக்கினான். முதலில் எச்சரிக்கை, அடுத்து ஒரு புள்ளி, அதற்கும் அடுத்து ஒரு கேம் என்று படிப்படியாகத் தண்டித்தும் அடங்காமையால் அவன் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டான். வெளியேறும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சீட்டியடித்தவாறே போனான். அந்தச் சீட்டியின் பொருள் மோகன்குமாருக்கு விளங்கவில்லை. தன் களைப்பு மட்டுமே விளங்கியது. நன்றாக உறங்கி எழ வேண்டும் என்னும் ஒரே குறிக்கோளுடன், பொன்னேரியில் பேருந்து மாறி, பழவேற்காட்டில் இறங்கி, குப்பத்துக்கு வந்து சேர்ந்தான்.

வந்த அன்றே ஊர்த்தலைவர் பெரியசாமி அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஊர்ல ஒருத்தன் வாயக்கூட என்னால மூட முடியல மோகனு. நீ இன்னாடான்னா வெளிநாட்டுக்காரனயே கம்முனு குந்த வெச்சிகினு கீற. செல்லுல பாத்தேன்."

வீரன் மட்டை உடைத்த காட்சியைத்தான் அவர் பார்த்திருந்தார். அவன் வாய் மூடியதாக மோகன்குமாருக்கு நினைவில்லை. ஆயினும் மறுப்பதற்கும் ஓரளவு தெம்பு வேண்டும்.

காரியம் இதுதான். முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதியாகக் கூடும் இடங்கள் சில உண்டு. எந்த இடத்தில் எந்த வீட்டார் அப்பருவம் முழுவதும் வலை கட்டுவது என்பதை ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். அந்த உரிமைக்குப் பாடு என்று பெயர். யார் பெயர் விழுகிறதோ அவரேதான் நாள்தோறும் விடியுமுன் இடுப்பளவு நீரில் இறங்கி, வலை கட்டக் கொம்பு நட வேண்டும். எனக்கு வேண்டாம் என்று ஒருவர் தாமே வாய் திறந்து சொல்லிவிட்டால், அவர் வீட்டின் உரிமை என்றைக்குமாக அற்றுப்போகும். ஆதலால் குப்பம் தோன்றிய நாள்முதல் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. சென்ற ஆண்டுக் குலுக்கலில் வாக்குவாதம் முற்றி, சீட்டுப் போட்ட குடம் ஒருவருடைய தலையில் உடைந்தது.

எனவே இவ்வாண்டு டென்னிஸ் விதிகளே நடைமுறைக்கு வரும் என்று பெரியசாமி அறிவித்தார். வாய்த்துடுக்குக்கு முதல் முறை எச்சரிக்கை. இரண்டாம் முறை, சீட்டு கடைசியில் எடுக்கப்படும். மூன்றாம் முறை, இந்தப் பருவத்திற்குப் பாடு கிடையாது. அடுத்த ஆண்டு பெயர் மீண்டும் குடத்துக்குள் வரும். நடுவரையே ஏசுபவர் எந்தக் கணக்கும் இன்றி நேரே அப்பருவத்திலிருந்து வெளியேற்றப்படுவார். இந்தக் கடைசி விதியை மட்டும் ராஜவேலு இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கூட்டத்தன்று காலை, கஸ்தூரியம்மாள் கணவருக்கும் மகனுக்கும் பழைய சோறும் நெத்திலி வறுவலும் வைத்தார். ராஜவேலு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே விசாரித்தார்.

"வெளிய அனுப்பினியே அந்த ஆட்டக்காரன், அவனுக்கு இனிமே ஆட்டமே இல்லியா?"

"அப்டி இல்ல நைனா. கொஞ்ச நாளு வூட்ல குந்தணும். அப்பால வந்து ஆடலாம்."

"கொஞ்ச நாளு வூட்ல குந்தணும்," என்று ராஜவேலு தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தைலம் தேய்த்த கை நின்றது.

மகன் புறப்படுகையில் கஸ்தூரியம்மாள் வாசல்வரை வந்து, "நைனா மனசு தெரிஞ்சி நடந்துக்கோடா," என்றார்.

மோகன்குமாருக்குத் தந்தையின் மனம் தெரியும். பாடு போனால் அவர் உயிரே போனதுபோல் ஆகிவிடும். கடலுக்கும் ஏரிக்கும் போகாமல் மைதானத்துக்குப் போய்விட்ட மகன், தன் வாயாலேயே அவரை நீக்குவதா? தந்தையின் பாட்டை எப்பாடுபட்டேனும் காப்பது என்று அவன் உறுதி பூண்டான்.

ஆகவே முதல் எச்சரிக்கைக்குப் பின் அவன் கண்கள் தந்தையைவிட்டு அகலவில்லை. ராஜவேலுவின் கண்களோ தீனாவைவிட்டு அகலவில்லை. தீனா ஏதோ மறந்துபோனதை நினைவுகூர்பவனைப்போல் தலையைச் சொறிந்துவிட்டு, பெரியவர் வலை வீசினால் மீன்கள் நகைக்கின்றன என்றான்.

ராஜவேலு தோளில் கிடந்த வீச்சு வலையை உருவி ஓங்கி வீசினார். பல ஆண்டுப் பயிற்சி வீண்போகவில்லை. வலை வானில் வட்டமாக விரிந்து, பெரியசாமியை முழுவதுமாக மூடியது.

"மட்டையைத் தூக்கி அடிச்சா குத்தம்னு நீதானே சொன்ன?" என்று வலைக்குள்ளிருந்து பெரியசாமி கேட்டார். "வலையும் மட்ட மாதிரிதானே?"

கூட்டம் அதை ஆமோதித்தது. மோகன்குமார் சிந்தித்தான். மட்டை பந்தை அடிப்பதற்கு உரியது. அதை வீசுவது அதன் இயல்புக்கு மாறானது. வீச்சு வலையோ வீசுவதற்கென்றே செய்யப்பட்டது. எனவே அதை வீசுவது கருவியைப் பழுதுபடுத்தும் குற்றத்தில் அடங்காது என்று தீர்ப்பளித்தான்.

ராஜவேலுவின் முகம் வாடியது. தந்தை நாணுகிறார் என்று மகன் எண்ணினான்.

இத்தீர்ப்பின் விளைவு உடனே தெரிந்தது. தன்னை முறைத்துப் பார்த்த சகலபாடியை நோக்கி ரஞ்சித்குமார் என்னும் மீனவன் வலை மிதவைகளை எறிந்தான். கேட்டதற்கு, மிதவையும் தண்ணீரில் எறிவதற்கென்றே செய்யப்பட்டது என்றான். அடுத்து ஒரு கயிற்றுச் சுருள் பறந்தது. அதற்கும் அடுத்துப் பறந்தது நங்கூரம். அது ஒருவர்மேலும் விழாமல், கூட்டத்துக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்த குப்பம்மாளின் அடுப்பின்மேல் விழுந்தது. ஏரியில் கையாலேயே இறால் பிடிக்கும் குப்பம்மாளுக்குப் பாடும் இல்லை, சண்டையும் இல்லை. பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

இனி எதையும் எவரும் வீசலாகாது என்று மோகன்குமார் ஆணையிட்டான். தொண்டை வறண்டிருந்தது. தேநீரும் இல்லாமற்போயிற்று.

தீனா மறுபடியும் வாய் திறந்தான். இம்முறை ராஜவேலுவின் முழங்கால்களைப் பற்றிப் பேசினான். ராஜவேலு அதற்கு அளித்த மறுமொழியை அச்சில் ஏற்ற இயலாது. இதற்கு விலக்கு அளிக்க எந்த நாட்டு விதியிலும் இடமில்லை. ஆனால் பேசும்போது அவர் முழங்கால் வலியால் சற்றே திரும்பி, ஏரியை நோக்கி நின்றிருந்தார். மோகன்குமார் அதைப் பற்றிக்கொண்டான்.

"அவரு ஆட்டக்காரங்க யாரையும் சொல்லல. ஏரியைப் பாத்துதான் சொன்னாரு. ஏரி போட்டியில இல்ல. குத்தம் இல்ல."

"நான் ஏரிய சொல்லல," என்றார் ராஜவேலு.

"ஏரியதான் சொன்னீங்க நைனா. நான் மேல இருந்து பாத்தேன்."

அதன்பின் கூட்டத்தின் அமைப்பே மாறிவிட்டது. பகை உள்ளவர்கள் அனைவரும் எழுந்து கரையோரம் வரிசையாகச் சென்று, ஒருவருக்கொருவர் தோளோடு தோள் நின்று, ஏரியைப் பார்த்து ஏசத் தொடங்கினர். மச்சினனின் எஞ்சினைத் திருடிய ஏரியே என்றான் ஒருவன். பக்கத்தில் நின்ற அவனுடைய அக்கா புருஷன், தண்ணி போட்டுவிட்டு உளறும் ஏரியே என்றான். பழவேற்காட்டு ஏரி அன்று கேட்ட சொற்களை அதற்கு முன்னர்க் கேட்டிருக்காது. அது ஒன்றும் சொல்லாமல் கிடந்தது. நடுவர்கள் அப்படித்தான் கிடக்க வேண்டும் என்று மோகன்குமாருக்குத் தோன்றியது.

நாற்காலியின் ஒரு கால் பெட்டியின் மூடியைத் துளைத்து உள்ளே இறங்கியது. அவன் அதே சாய்வில் அமர்ந்துகொண்டான். நிமிர்த்தி வைக்க மனம் வரவில்லை.

அப்போதுதான் ராஜவேலு நேரே நாற்காலியின் முன் வந்து நின்றார். முகத்தில் வியர்வையும், இனிப் பொறுப்பதில்லை என்னும் தீர்மானமும் தெரிந்தன.

"டேய் மோகனு. ஒசரமா குந்திகினா நீ பெரிய ஆளா? கண்ணு பொட்டையா ஒனக்கு? நான் இன்னா பண்ணிகினு கீறேன், நீ இன்னா சொல்லிகினு கீற? முட்டாப் பயலே."

கரையோரத்தில் நின்றவர்கள் ஏரியை விட்டுவிட்டுத் திரும்பினர். நடுவரை ஏசினால் நேரே வெளியேற்றம். பெரியசாமி தம் மீதிருந்த வலையை விலக்கி எழுந்தார். தீனா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதை மோகன்குமார் கண்டான். எதிரியின் வீழ்ச்சியில் மகிழ்கிறான் என்று உள்ளம் கொதித்தது. இத்தனை நேரம் காத்த பாட்டை இக்கணத்தில் இழப்பதா?

"இது வாய்த்துடுக்கு இல்ல," என்றான். "அப்பா புள்ளைய திட்றது வூட்டு விஷயம். விதியில வராது."

ராஜவேலு இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் அமர்ந்தார்.

குப்பத்தில் உறவில்லாதவர் எவரும் இல்லை என்பதை மோகன்குமார் அந்நேரத்தில் மறந்திருந்தான். பெரியசாமி முன்வந்து, தாம் அவனுக்குப் பெரியப்பா முறை என்று நினைவூட்டிவிட்டு, வலைக்குள் கிடந்த நேரம் முழுவதற்குமாகச் சேர்த்து ஏசினார். ரஞ்சித்குமார் தாய்மாமன் வழி வந்தவன். அவன் தன் பங்கை ஏசினான். மச்சான் முறையினருக்குக் கேலி செய்யும் உரிமை பிறப்பிலேயே வாய்த்தது. அவர்கள் வரிசையில் நின்றார்கள். சித்தப்பாக்கள் அமைதியாகத் தம் முறைக்குக் காத்திருந்தனர். முறை தெரியாத ஒருவர், முதலில் ஏசிவிட்டுப் பிறகு முறையைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

எந்த வெளிநாட்டு வீரனும் அவனை இவ்வளவு முழுமையாக அறிந்து ஏசியதில்லை.

வரிசை குறையக் காணோம். வேரை அறுத்தால்தான் மரம் சாயும் என்று மோகன்குமார் முடிவு செய்தான். ஏசியவரைவிட ஏசத் தூண்டியவரே குற்றவாளி என்று புது விதி வகுத்தான். தூண்டியவன் ஒருவனே. வயதுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று.

"தீனா. மூணு குத்தம். இந்தப் பருவத்துக்குப் பாடு கெடையாது."

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்."

"பேசினா அடுத்த வருஷமும் போவும்."

தீனா ராஜவேலுவைப் பார்த்தான். ராஜவேலு மணலைப் பார்த்தார். அதற்குமேல் கூட்டத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. விதி ஒருவழியாக வேலை செய்தது.

பாடு இல்லாதவர் கையால் எடுப்பதே நியாயம் என்பதால், குப்பம்மாள் குடத்துக்குள் கைவிட்டு முதற்சீட்டை எடுத்தார். பெரியசாமி அதைப் பிரித்து உரக்கப் படித்தார். முகத்துவாரத்து முதலிடம். பருவம் முழுவதும். நாளை விடியற்காலைமுதல். ராஜவேலு.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த கஸ்தூரியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ராஜவேலுவின் கண்களில் நீர் திரண்டது. மகன் அதை மேலிருந்து பார்த்தான். அத்தனை ஏச்சுக்கும் அந்த ஒரு துளி போதும் என்று அவனுக்குத் தோன்றியது. உடலின் அயர்ச்சிகூடச் சற்று இனித்தது. இனி வீட்டுக்குப் போய் உறங்கலாம்.

ஒன்றே மிச்சம். ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் கைகுலுக்கிக்கொள்ள வேண்டும். டென்னிஸில் அதுவே பண்பு. மோகன்குமார் இருவரையும் அழைத்தான். ராஜவேலு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்து கை நீட்டினார். தீனா அந்தக் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, துக்கம் விசாரிப்பவனைப்போல் நெடுநேரம் நின்றான்.

பிறகு, சாய்ந்த நாற்காலியிலிருந்து நடுவரை இறக்கிவிட வந்தவன், பருவம்தான் போய்விட்டதே என்னும் துணிவில், தாழ்ந்த குரலில் சொன்னான்:

"அண்ணே, முட்டி வலிக்கு ஒரு பருவம் மானமா வூட்ல படுத்துக்கணும்னு என்னைச் சீண்டச் சொன்னதே உங்க நைனாதான், மூணு வாட்டி வெளிய போவ பாத்தாரு, மூணு வாட்டியும் நீதான் புடிச்சி உள்ள போட்ட."