ஒரே கயிற்றில் சிவப்புக் காரும் மஞ்சள் காரும்

பெண் பார்க்கப் போகிறவர்களில் ஒருவராவது பெண்ணைப் பார்த்துவிட்டு வர வேண்டும். எங்கள் அண்ணன் செல்வத்துக்குப் பெண் கேட்டுத் தண்ணீரூற்று என்ற ஊருக்குப் போன அன்று அந்தப் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. வீட்டில் எனக்கு நல்ல கண் என்று பெயர். அந்த நல்ல கண்ணால் நான் பார்த்துவிட்டு வந்தது ஒரு மஞ்சள் காரை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டார்: “பொண்ணு எப்புடிடீ இருக்கு?”

“ரெண்டே ரெண்டு கதவும்மா. பின்பக்கம் அப்புடியே வழுக்கிக்கிட்டு எறங்குது.”

(அம்மா அன்று என்னை அடிக்காமல் விட்டதற்கு பஸ்ஸில் கையை அசைக்கவும் இடமில்லாததே காரணம்.)

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. போர்; பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வராது. வன்னியில் ஓடிய கார்களெல்லாம் முதுகு உருண்ட, வயதுபோன இங்கிலாந்துக் கார்கள். மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் ஊசிமருந்துச் சிரிஞ்சில் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டுவார்கள். இருமிக்கொண்டு கிளம்பும். அப்படிப்பட்ட ஊரில், பெண்ணின் அப்பா பொன்னுத்துரை ஐயா வீட்டுக் கொட்டிலுக்குள், மூக்கு நீண்ட, கூரை தாழ்ந்த ஒரு ஜேர்மன் ஸ்போர்ட்ஸ் கார் நின்றால் பதினெட்டு வயதுப் பெண் என்ன செய்வாள்? நான் பாவாடை தாவணியோடு அதற்கு அடியில் போய்ப் படுத்துவிட்டேன்.

சும்மா படுக்கவில்லை. எங்கள் தர்மபுரத்தில், கடைக்கார நடேசண்ணையின் வைக்கோல் கொட்டிலுக்குள் ஒரு சிவப்புக் கார் நின்றது. யப்பான் கார், அதுவும் இரண்டு கதவு. மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது. நடேசண்ணையின் கோழிகள் அதற்கு அடியில்தான் முட்டையிடும். முட்டை எடுக்க ஊர்ந்து போகிற வேலை என்னுடையது. அந்தக் காரின் அடிப்பக்கம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அதே கடையில் சீனி சுற்றித் தந்த ஆங்கிலச் சஞ்சிகைத் தாளில் ஒருநாள் ஓர் அதிசயத்தைப் படித்தேன். ஜேர்மனியில் ஒரு கம்பனி, யப்பானில் ஒரு கம்பனி, இன்னும் எங்கெங்கோ சில கம்பனிகள், எல்லாம் சேர்ந்து ஒரே அடித்தளத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முகம் மாட்டி, ஆளுக்கொரு பெயரில் கார் விடுகிறார்களாம். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிறந்த அக்காவும் தங்கச்சியும்! எனக்கு மயிர் கூச்செறிந்தது. எஞ்சினைப் பற்றியும் ஒரு பந்தி இருந்தது. அது நீளம். அகராதி பார்க்கப் பஞ்சியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

இப்போது தண்ணீரூற்றில், மஞ்சள் காருக்குக் கீழே, அதே வளைவு, அதே குறுக்குச் சட்டம், அதே இடத்தில் அதே கொக்கி. முட்டை மட்டும்தான் இல்லை. சஞ்சிகை சொன்னது உண்மை என்று கண்டபோது எனக்கு அழுகையே வந்தது.

“பிள்ளை, என்ன விழுந்திட்டுதோ?” பொன்னுத்துரை ஐயாவின் செருப்பு தெரிந்தது.

“இல்லை ஐயா. உங்கட காருக்கு எங்கட ஊரில ஒரு தங்கச்சி இருக்கு. யப்பான்ல பிறந்தது.”

“என்ன கதை கதைக்கிறாய்? இது அசல் ஜேர்மன்காரன்ரை. யப்பான்காரனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவர் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. மகள் வதனியும் எங்கள் அண்ணனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள், தாங்களாகவே விரும்பியவர்கள். ஐயா வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஆட்கள். நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இனக்கலவரத்தில் அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். ஐயா அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார். மீதி அரை மனதை அவருடைய தங்கை வைத்திருந்தார். தேநீர் தரும்போது அந்தத் தங்கை கேட்டார்: “அப்ப மாப்பிள்ளை வீட்டார் எதில வந்து இறங்குவினம்? மெசின் பெட்டியிலையோ?”

மெசின் என்றால் உழவு இயந்திரம். எங்களிடம் இருந்த ஒரே வாகனம் அதுதான். அம்மா தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னது ஒரே வசனம்: “எம்புள்ள கார்லதான் போயி எறங்கணும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிவப்புக் காரைச் சொன்னேன்.

நடேசண்ணை நல்ல மனிதர், தந்தார். கோழிகளைக் கிளப்பினோம். வைக்கோலைத் தட்டிக் கழுவியபோது உள்ளேயிருந்து அந்தச் சிவப்பு வெளியே வந்தது பாருங்கள், தெருவில் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். ஒரேயொரு குறை. எஞ்சினில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரின் மூடி உடைந்திருந்தது. தடைக்காலத்தில் வன்னி முழுக்கத் தேடினாலும் அது கிடைக்காது.

“மஞ்சள் கார்ல இருக்கு. ரெண்டும் ஒரே கார்” என்றேன்.

அப்பா ஒரு காலத்தில் தோட்டத்து லொறி ஓட்டியவர். “எஞ்சினும் ஒன்னுதானா?” என்று கேட்டார்.

“எல்லாம் ஒன்னுதாம்பா!” (அந்தப் பந்தியை நான் படிக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

கல்யாணத்துக்கு முதல்நாள் அம்மாவும் நானும் அந்த மூடியைக் கேட்டுத் தண்ணீரூற்றுக்குப் போனோம். பொன்னுத்துரை ஐயா நீண்ட நேரம் யோசித்தார். பிறகு எஞ்சினுக்கு மேலுள்ள பொனற்றை ஒரு சாண் மட்டும் உயர்த்தி, கையை உள்ளே விட்டு, மூடியைக் கழற்றி, வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தார். உள்ளே எட்டிப் பார்க்க விடவில்லை.

“பிள்ளை, காலமை மாப்பிள்ளையைக் கோயிலில இறக்கினவுடன இதை என்ரை வாசல் படலைக்குக் கொண்டந்து தரவேணும். வதனி இந்தக் காரிலதான் கோயிலுக்குப் போறவள். விளங்குதோ?”

“ஓம் ஐயா.”

அவரே மாப்பிள்ளைக்கான தலைப்பாகையையும் தந்துவிட்டார். பெரிய தலைப்பாகை, உச்சியில் குஞ்சம் வேறு. ஒருமுறை தலையில் வைத்தால் தாலி கட்டி முடியும்வரை கழற்றக் கூடாதாம்.

கல்யாணக் காலை. விடிகிற வெள்ளாப்பில் மாமா அண்ணனுக்குத் தலைப்பாகையை வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் மெசின் பெட்டியில் ஏறிவிட்டார்கள். கோயிலுக்கு எட்டத்திலேயே, மதகடியில், அவர்கள் இறங்கி நடந்து வருவார்கள். பெட்டி யாருடைய கண்ணிலும் படாது. இது அம்மாவின் திட்டம். நான் துணியை அவிழ்த்து மூடியை எடுத்து எஞ்சினில் வைத்தேன். ஒரு சுற்றுச் சிறியது. பழகினால் பெரிதாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ, அழுத்தினேன். டிக் என்றது.

அப்பா இரண்டு துண்டையும் வாங்கிப் பார்த்தார். “எஞ்சின் வேற, தாயி” என்றார். திட்டவேயில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நடேசண்ணை தலையில் கையை வைத்தார். “பிள்ளை, எல்லாம் ஒண்டு எண்டியே?”

“அடி ஒண்டுதான் அண்ணை. எஞ்சின்தான் வேற.”

நான் வாழ்க்கையில் சொன்ன எத்தனையோ புத்திசாலித்தனமான விஷயங்களை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இந்த வாக்கியத்தை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். “கயித்தக் கட்டுங்க. கார்லதான போறோம்? எது இழுத்தா என்னா?”

முன்னால் மெசின், அதன் பெட்டியில் சொந்தபந்தம், பின்னால் கயிற்றில் சிவப்புக் கார். “கயித்தில போற காரை நான் ஓட்டமாட்டன், சனம் சிரிக்கும்” என்று நடேசண்ணை பெட்டியில் ஏறிக்கொண்டார். அப்பா மெசினில். வயலில் மெசின் ஓட்டிப் பழகியவள் நான் மட்டும்தான் மீதி. ஆகவே ஸ்டியரிங் எனக்கு! அண்ணனைத் தலைப்பாகையோடு காருக்குள் ஏற்ற முடியவில்லை. நேராக ஏற்றினோம், பக்கவாட்டில் ஏற்றினோம், குஞ்சம் கூரையில் முட்டியது. கடைசியில் முன் இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து நீட்டிப் படுக்க வைத்தோம். மடியில் தாலித் தட்டு.

இரண்டு துண்டான மூடி அதே வெள்ளைத் துணியில் என் மடியில் கிடந்தது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அதைப்போல ஒரு பயணம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. அந்த நீண்ட சிவப்பு மூக்கு என் கண் முன்னால் காட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போனது. ஸ்டியரிங்கை ஒரு விரலளவு திருப்பினால் கார் முழுவதும் கேட்டது. இந்த உடம்பை யப்பானில் யாரோ, ஜேர்மனியில் யாரோ, ஒருவரையொருவர் காணாமலே சேர்ந்து செய்திருக்கிறார்கள், அதை விசுவமடுவில் நான் திருப்புகிறேன்! வயலில் நின்றவர்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டுப் பார்த்தார்கள். மெசின் கிளப்பிய செம்புழுதி முழுவதும் எங்கள்மேல்தான்.

“லெச்சுமி, எந்த எடம் வந்துருக்கு?” என்றான் படுத்திருந்த மாப்பிள்ளை.

“புதுக்குடியிருப்பு.”

“எனக்குக் கூரதான் தெரியுது. அழகாத்தான் இருக்கு.”

கோயிலுக்குப் போகும் வழியில், தண்ணீரூற்றில், பொன்னுத்துரை ஐயா பட்டு வேட்டியோடு படலையில் நின்றார். மஞ்சள் காரின் பொனற் இப்போது முழுவதும் திறந்திருந்தது. வதனி கூறைச் சேலைக்கு முன் உடுத்தும் பட்டுச்சேலையில் காருக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அந்த மாமி, ஐயாவின் தங்கை. முகூர்த்தம் நெருங்கிவிட்டது. நான் இறங்கிப் போய்த் துணியைக் கொடுத்தேன். அவர் அவிழ்த்தார். உள்ளே இரண்டு துண்டு.

மாமிதான் பேசினார். “பாத்தியளே அண்ணை! இந்தச் சனத்தை நம்பி... இனி எப்பிடிக் கலியாணம்?”

அண்ணனின் வாழ்க்கையை நானே டிக் என்று உடைத்துவிட்டதாக நினைத்தேன். அப்போது காருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அன்றைக்குத்தான் வதனியை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன்.

“அப்பா, அந்தக் காரின்ரை கொக்கி எங்கட காரிலையும் இருக்குத்தானே? கொழுவுங்கோ. நேரம் போகுது.”

எங்கள் அப்பா மறுபேச்சில்லாமல் இன்னொரு கயிற்றை எடுத்தார். பொன்னுத்துரை ஐயா மஞ்சள் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மெசின், பெட்டி, படுத்த மாப்பிள்ளையோடு சிவப்புக் கார், அதற்குப் பின்னால் மணப்பெண்ணோடு மஞ்சள் கார். மதகடியில் யாரும் இறங்கவில்லை. மெசினில் வருவதைப் பழித்த மாமி அந்த மெசினின் புழுதியைக் கடைசி வரை சாப்பிட்டுக்கொண்டு வந்தார்.

கோயிலடியில் மேளக்காரர் வாசிக்க மறந்து வாயைத் திறந்தபடி நின்றார். வன்னியில் கோச்சி, அதாவது ரயில், நின்றுபோன காலம் அது. கூட்டத்தில் ஒரு கிழவர் கையைத் தட்டிக் கத்தினார்: “கோச்சி வந்திட்டுது! கலியாணக் கோச்சி!”

சிரிப்பு அடங்கி, அண்ணனைப் புழுதி தட்டி நிமிர்த்தி மணவறைக்குக் கொண்டுபோனபோது ஐயர் கூப்பிட்டார்: “பெண்ணின்ரை தகப்பன் எங்கே? தாரை வார்க்க வாங்கோ!” ஆளைக் காணவில்லை. அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நான் ஓடினேன்.

சிவப்புக் காருக்கு அடியிலிருந்து பட்டு வேட்டிக் கரை வெளியே தெரிந்தது. நான் குனிந்தேன். அவர் ஒரு கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊர்ந்து மஞ்சள் காருக்கு அடியில் போனார். நானும் போனேன். கொஞ்சநேரம் இருவரும் மல்லாந்து கிடந்தோம்.

“ஓம் பிள்ளை” என்றார். “ஒண்டுதான். அச்சொட்டா ஒண்டுதான். இவ்வளவு காலமும் இது தனிச்ச சாதி எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

முதுகு முழுக்க மண்ணோடு போய் அவர் தாரை வார்த்தார். அம்மாவிடம் தானே வந்து, “சம்பந்தி, சாப்பிட்டியளோ?” என்று கேட்டார்.

அந்த இரண்டு கார்களும் இன்று இல்லை, பிறகு வந்த இடப்பெயர்வுகளில் எங்கேயோ நின்றுவிட்டன. வாக்கியம் நிற்கவில்லை. அண்ணனும் அண்ணியும் சண்டை பிடித்தால் பிள்ளைகள் சொல்வார்கள்: “அடி ஒண்டுதான், எஞ்சின்தான் வேற.” எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பொன்னுத்துரை மாமாவும் கூட வந்திருந்தார். மாப்பிள்ளை வந்து எதிரில் கதிரையில் அமர்ந்ததும், கூட்டம் நிறைந்த சபையில், என் பக்கம் குனிந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“பிள்ளை, இந்தமுறை பொனற்றையும் திறந்து பார்.”