அப்பாவின் பழைய மின்னஞ்சல்கள் ரொறன்ரோவுக்குப் போன கதை

இலவச மென்பொருளும் வேலை தேடும் பட்டதாரியும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. அப்படியே இருந்தாலும் அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருக்கவே கூடாது. எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் அந்த நேரம் மூன்றும் இருந்தன.

கணினிப் படிப்பை முடித்துவிட்டு யாராவது நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். மின்னஞ்சல்களை இணையத்திலிருந்து எடுத்து வந்து நம்முடைய கணினியில் சேர்த்து வைக்கும் ஒரு சின்ன மென்பொருள் இருந்தது. யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. புதிய பதிப்பை வெளியிட முதல் சோதித்துப் பார்க்க ஆட்கள் தேவை என்று அதைச் செய்தவர்கள் அறிவித்திருந்தார்கள். உலகமே என்னைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். (நேர்முகத் தேர்வுக்குத்தான் ஒருவரும் கூப்பிடவில்லையே.)

என்னுடைய அஞ்சல் பெட்டியில் விளம்பரங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. அதை வைத்து எதைச் சோதிப்பது? அப்பாவின் பெட்டி அப்படியில்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் அழிக்க மாட்டார். போதாததற்கு, தான் அனுப்பும் ஒவ்வொரு அஞ்சலிலும் தனக்கும் ஒரு பிரதி அனுப்பிக்கொள்வார். அலுவலகத்தில் காபன் தாள் வைத்து எழுதிய காலத்துப் பழக்கம்.

"அப்பா, உங்கட மெயில் எல்லாத்தையும் எங்கட கொம்பியூட்டரில பத்திரமா எடுத்து வைக்கப் போறன்."

"ஒண்டும் அழிஞ்சு போகாதே?"

"ஒண்டும் அழியாது, பயப்பிடாதேங்கோ."

(இதை மட்டும் காப்பாற்றினேன். ஒன்றும் அழியவில்லை.)

கையேட்டைப் பாதியிலேயே மூடிவிட்டேன். முழுதாகப் படிப்பவர்கள் கெட்டித்தனம் இல்லாதவர்கள் என்பது அப்போதைய என் கொள்கை. வந்த அஞ்சலை இங்கேயே வை என்று சொல்ல வேண்டிய இடத்தில், அஞ்சலின் தலையில் யாருடைய முகவரி இருக்கிறதோ அவரிடமே சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டேன். அனுப்புவதற்கும் அப்பாவின் கணக்கையே கொடுத்தேன். மென்பொருள் பாவம், சொல்வழி கேட்கும் பிள்ளை. அப்பா பல வருடங்களாக எழுதியவற்றின் பிரதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உரியவர்களுக்கெல்லாம் மறுபடியும் அனுப்பத் தொடங்கியது. திரையில் வரிகள் சரசரவென்று ஓடுவதைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. அந்தச் சந்தோஷத்தில் மீன் பணிஸ் வாங்க பேக்கரிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது அப்பா லண்டன் சித்தியோடு கதைத்துக்கொண்டிருந்தார். சித்தியின் குரல் தொலைபேசிக்கு வெளியேயும் கேட்டது.

"அத்தான், பெரியண்ணை செத்து எவ்வளவு காலம்! இப்ப என்ன திரும்பவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரச்சொல்லி அனுப்பியிருக்கிறியள்?"

அப்பா சிரித்துச் சமாளித்தார். அடுத்த அழைப்பு ரொறன்ரோவிலிருந்து வந்தபோது சிரிக்கவில்லை.

வாணி அக்காவுக்கு நிச்சயித்திருந்த கஜன், கொட்டாஞ்சேனைக்காரர். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு பஸ் பயணம்தான். ஆனால் சம்பந்தம் கொண்டுவந்தவர் ரொறன்ரோவில் இருக்கும் கஜனின் பெரிய மாமா. அதனால் மண்டபம் முதல் மாலை வரை எல்லாப் பேச்சும் கனடா போய்த்தான் கொட்டாஞ்சேனைக்கு வரும். இதே மாமா சில வருடங்களுக்கு முன் அக்காவுக்கு ஒரு பல் டொக்டரையும் பேசி வந்திருந்தார். "தங்கள் அன்புக்கு நன்றி. தம்பியின் சாதகக் குறிப்பு பொருந்தவில்லை. வேறிடம் பார்க்கவும்" என்று அப்பா அப்போது பதில் எழுதியிருந்தார். மறுக்கும்போது மாப்பிள்ளையின் பெயரை எழுதுவது மரியாதையில்லை என்பது அப்பாவின் எண்ணம்.

அந்தப் பெயரில்லாத கடிதம்தான் இப்போது மாமாவுக்குப் புதிதாகப் போயிருந்தது.

"மண்டபம் எடுத்தாப் பிறகோ குறிப்புப் பாக்கிறியள்?"

"ஐயோ, நான் அனுப்பேல்லை."

"உங்கட பேரில வந்து கிடக்கு. பிறகு ஆர் அனுப்பினது?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் பணிஸோடு நின்றேன். விளங்கப்படுத்த வாய் திறப்பதற்குள் மாமா தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு எடுக்கவேயில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கஜனைக் கோவிலில் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்ததற்கே எத்தனையோ நாள் தனக்குள் சிரித்துக்கொண்டு திரிந்தவள். கன்னத்தில் நாலு போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மென்பொருள்காரர்களிடம் முறையிட்டேன். "இது மென்பொருளின் பிழையல்ல, நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. விரிவான அறிக்கைக்கு நன்றி" என்று மிகப் பண்பாகப் பதில் வந்தது.

பின்னேரம் அழைப்பு மணி அடித்தது. வேர்த்து விறுவிறுத்து கஜன் நின்றார். வெறும் மேலோடு சாரம் கட்டியிருந்த அப்பா ஷேர்ட்டைத் தேடி ஓடினார்.

"அங்கிள், மாமா அனுப்பினதை வாசிச்சனான்," என்றார் கஜன். "நீங்கள் வேண்டாமெண்டால் சரி. வாணியும் வேண்டாமெண்டு சொன்னவவோ? அதை மட்டும் கேக்கத்தான் வந்தனான்."

அறைக் கதவு திறந்தது. "நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றாள் அக்கா. கஜனின் கையிலிருந்த ஃபோனை வாங்கிப் பார்த்தாள். "இது உங்களுக்கு எழுதினதே இல்லை. உங்கட மாமா முந்திக் கொண்டுவந்த பல் டொக்டருக்கு எழுதினது. இந்த மூதேவி அதைத் திரும்ப அனுப்பிப்போட்டுது."

மூதேவி தலையாட்டியது.

கஜன் ஃபோனைத் திரும்ப வாங்கினார். "எனக்கு முதல் ஒரு பல் டொக்டரோ?" என்று கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இருவரும் நேருக்கு நேர் கதைத்தது அதுதான் முதல் தடவை. பல்கனியில் நின்று இருட்டும்வரை கதைத்தார்கள். அம்மா இரண்டு தரம் தேத்தண்ணி போட்டும் ஒருவரும் குடிக்கவில்லை.

கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. ரொறன்ரோ மாமா வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பாஸ்வேர்ட் ஒண்டும் தரமாட்டன்," என்றார்.

இப்போதும் அக்காவும் அத்தானும் சண்டை பிடித்தால், எதில் தொடங்கினாலும் ஓரிடத்தில்தான் வந்து நிற்கும்.

"நான் அண்டைக்கு அந்த மெயிலை நம்பியிருக்க வேணும்," என்பார் அத்தான்.

"ஆர் நம்ப வேண்டாமெண்டது? வடிவா எழுதித்தானே அனுப்பினனாங்கள்," என்பாள் அக்கா. "வாசிச்சுப்போட்டும் ஓடி வந்தது நீங்கள்."